பிறையின் கொம்பு எந்தப் பக்கம்?

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு மாலை ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதி வைப்போம். "நாளை ரம்ஜான்" என்று ஒன்று. "பிறை தெரியவில்லை, நாளை மறுநாள் ரம்ஜான்" என்று இன்னொன்று. சென்னையிலிருந்து அறிவிப்பு வந்ததும் ஒன்று அச்சுக்குப் போகும், மற்றது அழிக்கப்படும். தூத்துக்குடியில் அந்த இரண்டு தலைப்புகளையும் பல வருடம் நான்தான் எழுதியிருக்கிறேன். பிறை யாருக்குத் தெரிந்தது, அவர் எங்கே நின்று பார்த்தார் என்ற தகவல் எங்கள் செய்தியில் இருந்ததே இல்லை. வாசகர்களும் கேட்டதில்லை.

கற்பிட்டிக்கு நான் போனது பிறைக்காக அல்ல, டால்பினுக்காக. இலங்கையின் மேற்குக் கரையில் அந்த மாதங்களில் டால்பின்கள் கூட்டமாக வரும். ஞாயிறு இணைப்பின் பொறுப்பாசிரியர் அதைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார். நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள் அவை என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சிலாபம் வரை நடத்துநர் ஊர்ப் பெயர்களைச் சிங்களத்தில் கூவினார். அதைத் தாண்டியதும் அதே குரலில் தமிழுக்கு மாறினார். மதுரங்குளிக்கு அருகே பின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரு வேலியோரம் நிழலில் நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நான்கு பேராவது வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே ஒருவர் டயரைப் பார்த்தார், மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். கனமூலைக்குப் போகும் ஒரு பெண்மணி பையிலிருந்து முதலை வடிவத்தில் சீனி தூவிய ‘பணிஸ்’ என்னும் பன் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க நோன்பில்லத்தானே? தின்னுங்க. நாங்க பார்த்துக்கொண்டு நிக்கிறதுக்கு நீங்க வெக்கப்படத் தேவல்ல" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டேதான் தின்றேன். வாலிலிருந்து தொடங்கினேன்.

பாலாவிச் சந்தியில் பேருந்து மாற வேண்டும். லொறிகள், சிமெந்துத் தூசி, அப்பால் உப்பளம். காற்றில் எங்கள் ஊர் வாசம். எங்கள் ஊரில் உப்புக் குவியலை இப்போது தார்ப்பாயால் மூடுகிறார்கள். இங்கே சில குவியல்களுக்கு இன்னும் தென்னங்கிடுகு வேய்ந்திருந்தார்கள்.

கற்பிட்டிக்குச் சற்று முன்னால், கடலோரக் கிராமம் ஒன்றில் நசீர் என்பவர் வீட்டில் தங்கினேன். நசீர் ஐம்பதைக் கடந்தவர், உரத்த குரல், யாருடனும் இரண்டாவது வாக்கியத்திலேயே வாதத்துக்கு வந்துவிடுவார். வீட்டு முகப்பில் அவருடைய கடை. சூரிய சக்தி விளக்கு, சிசிடிவி கமரா, இறால் பண்ணைக்கான மோட்டார் எல்லாம் விற்கிறார். என் அறை வாசலிலேயே மூன்று கமராக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. "பயப்படாதீங்க சேர், ஒண்டுக்கும் கரண்ட் கொடுக்கல்ல. சாம்பிள்" என்றார்.

அவர் மனைவி பரீதா தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுமியாக மன்னாரிலிருந்து படகில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர். மகன் இர்பான் தோஹாவில் குளிரூட்டி பழுதுபார்க்கிறான். போய் ஏழு வருடமாகிறது. இடையில் இரண்டு முறை விடுமுறையில் வந்திருக்கிறான். இரண்டும் ரம்ஜான் பெருநாளைத் தவறவிட்ட விடுமுறைகள். இந்த முறை நோன்புக்கு நடுவில் வந்திருந்தான். அவன் திரும்ப வேண்டிய நாள்தான் வீட்டில் எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். பகல் சாப்பாட்டை வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவன் அன்றிரவு விமானம் ஏறலாம். தெரியாவிட்டால் மறுநாள் முப்பதாம் நோன்பு. பெருநாள் விடியும்போது அவன் தோஹாவில் இருப்பான்.

"அங்க எப்பவும் ஒரு நாள் முந்திப் பெருநாள் வந்துடும்" என்று இர்பான் எனக்கு விளக்கினான். "நான் போய் இறங்கேக்க அவங்களுக்கு ரெண்டாம் நாள். பழைய பிரியாணிதான் மிஞ்சும். இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. ஆகாயத்திலதான் எனக்குப் பெருநாள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பரீதா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை டால்பின் பார்க்கப் படகில் போனேன். கூட வந்தவர்கள் கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் ஒரு ட்ரோன் கொண்டுவந்திருந்தார். கரை மறைந்ததும் அதைப் பறக்கவிட்டு, கையிலிருந்த திரையில் கடலைத் தேடத் தொடங்கினார். மனைவி அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். படகோட்டி வெறுங்கண்ணால் கடலைப் பார்த்தார். இரு தரப்புக்கும் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு காற்று எழுந்தது. ட்ரோன் திரும்பி வர மறுத்துத் தெற்கே போனது. மீதி நேரம் முழுவதும் நாங்கள் தேடியது டால்பினை அல்ல, அதைத்தான். அதுவும் கிடைக்கவில்லை. "நேத்து வந்திருந்தால் நூத்துக்கணக்கில கண்டிருப்பீங்க" என்றார் படகோட்டி. நேற்று நான் டயர் வெடித்த பேருந்தின் அருகே முதலைப் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன்.

டால்பின் தென்படவில்லை என்று பொறுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "சீசன்தானே? எல்லோரும் பார்க்கிறார்கள். பார்த்தது போலவே எழுதிவிடுங்கள். படம் நம்மிடம் நிறைய இருக்கிறது."

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று பகல் முழுவதும் வீடு இரண்டு மனதாக இருந்தது. பரீதா வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி சீவி, முட்டை எண்ணி, ஏலக்காய் பொடித்து வைத்தார். எதையும் கலக்கவில்லை. பிறை கண்டால்தான் கலப்பாராம். இர்பான் பெட்டியைப் பாதி அடுக்கித் திறந்தபடி வைத்திருந்தான். நசீர் மட்டும் கடையில் வழக்கம்போல ஒரு வாடிக்கையாளருடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் ஊர் ஆண்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நானும் போனேன். போத்தல்களில் கஞ்சி, தட்டில் பேரீச்சம்பழம், ஒரு வாளியில் ரோல்ஸ். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஹாஜியார் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்திருந்தார். அவர் இறால் பண்ணை முதலாளி. இளம் மௌலவி ஒருவர் கையில் தொலைபேசியுடன் நின்றார். கொழும்பில் கூடியிருக்கும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்கு இந்தக் கரையின் சேதியைச் சொல்ல வேண்டியவர் அவர். கண்டவர்கள் இரண்டு பேராவது சாட்சி சொல்ல வேண்டும் என்று எனக்கு விளக்கினார். கண்டேன் என்றால் மட்டும் போதாது. எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்பு, அதாவது பிறையின் இரு முனைகளும், எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கேட்பார்கள்.

சூரியன் இறங்கியது. நோன்பு திறந்தார்கள். மணலில் பாய் விரித்துத் தொழுதார்கள். இங்கிருந்து மக்காவின் திசையும் சூரியன் மறையும் திசையும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே தொழுகை முடிந்ததும் யாரும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து தலையை மட்டும் உயர்த்தினார்கள்.

மேற்கே மேகம். அடர்த்தியாக இல்லை; கிழிசல் கிழிசலாக. நான் என் தொலைபேசியில் வானத்தைக் காட்டும் செயலியைத் திறந்தேன். கடலுக்கு மேல் சாம்பல் மேகத்தின் நடுவில் சுத்தமான வெள்ளைக் கோடாக அது பிறையை வரைந்து காட்டியது. ஆர்வத்தில் தொலைபேசியை மணலை நோக்கிச் சாய்த்தேன். பூமிக்கு அடியில் இருக்கும் நட்சத்திரங்களையும் அதே சுத்தத்துடன் காட்டியது. அதற்கு மேகம் தடையில்லை, மண்ணும் தடையில்லை.

"சேர், அதைக் கொஞ்சம் அணைங்க" என்றார் நசீர். "அந்த வெளிச்சம் பட்டால் கண்ணுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது."

அணைத்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் தன்னுடையதைத் திறந்தார்.

அப்போதுதான் இர்பான் கத்தினான். "வாப்பா! அந்தா! பிறை!"

மேகக் கிழிசல் ஒன்றுக்குள் மெல்லிய பொன் கோடு. நானும் பார்த்தேன். ஹாஜியார் கதிரையிலிருந்து எழுந்து "ஓம், ஓம், அல்லாஹு அக்பர்" என்றார். ஊருக்குள் யாரோ பொறுமையில்லாமல் ஒரு பட்டாசைக் கொளுத்தினார்கள். பக்கத்திலிருந்தவரின் செயலி அதற்கு மிக அருகில், ஒரு விரல் தள்ளி, தன் பிறையை வைத்திருந்தது. அலுவலகத்தில் இருந்திருந்தால் அந்த நொடியில் "நாளை ரம்ஜான்" அச்சுக்குப் போயிருக்கும்.

நசீர் மட்டும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌலவி இர்பானிடம் கேட்டார். "கொம்பு எந்தப் பக்கம்?"

"கொம்பு…" இர்பான் கண்ணைச் சுருக்கினான்.

அந்தக் கோட்டுக்குக் கொம்பு இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வலப்பக்கமாக நீண்டது. பின்பகுதி அகன்று பஞ்சாகப் பிரிந்தது.

"பிறை ஓடாது, மகன்" என்றார் நசீர். "அது பிளேன் போட்ட கோடு."

பின்னாலிருந்து ஒரு குரல், "தோஹா பிளேனா இரிக்கும். இர்பானைக் கூட்டிப் போக நேரத்தோட வந்திட்டுது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். இர்பான் நீட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினான். சிறிது நேரத்தில் கிழிசல் மூடிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் ஹாஜியார் நசீரின் அருகே வந்தார். குரலைத் தாழ்த்தினாலும் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

"நசீர், போனில தெளிவா நிக்கிது. கணக்குப் பிழைக்காது. மேகத்துக்குப் பின்னால பிறை இரிக்கிறது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கண்டனெண்டு சொன்னால் இந்தக் கரையில ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். உன்னோட சேர்ந்து நானும் சொல்றன். ரெண்டு பேர். புள்ளையும் பெருநாளைக்கு வீட்டில இருப்பான்."

"பிறை இல்லையெண்டு நான் சொல்லல்ல ஹாஜியார். கண்டியா எண்டுதானே கேக்குறாங்க?"

"ரெண்டும் ஒண்டுதானேப்பா."

"எப்படி ஒண்டாகும்? போனில பாக்கிறதெண்டால் வீட்டில குந்திப் பாக்கலாமே. என்னத்துக்கு இந்த மணல்ல வந்து நிக்கிறம்? கஞ்சி குடிக்கவா?"

"சிசிடிவி விக்கிற மனுசன் கதைக்கிற கதையா இது!"

"ஓம், விக்கிறன். நாளைக்கும் விப்பன். கள்ளனைப் பிடிக்கக் கமரா நல்லம். ஆனா அது காணுறது வேற, நான் காணுறது வேற. எனக்குப் பதிலா அது சத்தியம் பண்ணாது."

ஹாஜியார் தீய மனிதர் அல்ல. பரீதாவின் சமையலறையில் சீவி வைத்த கருப்பட்டி பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மௌலவியின் தொலைபேசி ஒலித்தது. கொழும்பு. அவர் ஒலிபெருக்கியில் போட்டார். வேறு எங்கிருந்தும் இதுவரை சாட்சி வரவில்லை, கற்பிட்டிப் பக்கம் கண்டீர்களா என்று ஒரு களைத்த குரல் கேட்டது. மௌலவி தொலைபேசியை நசீர் பக்கம் நீட்டினார். நசீர் மகனைப் பார்த்தார். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காணல்ல" என்றார் நசீர்.

ஒரே சொல். இர்பான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக வீட்டை நோக்கி நடந்தான்.

நாங்கள் வீடு சேர்வதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி நாளையும் நோன்பு என்று அறிவித்துவிட்டது. பரீதா வாசலில் நின்றார். கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க கண்டீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி." உள்ளே போய் முட்டைகளை மறுபடி பெட்டியில் அடுக்கினார். அவர் முகத்தில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. முட்டைகள் மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டன.

இர்பான்தான் வெடித்தான். "வாப்பா, நாளைக்கு நான் ஏறுற பிளேனை ஓட்டுறவன் வெளிய எட்டிப் பார்த்தா ஓட்டுறான்? இருட்டில, மேகத்துக்குள்ள, முன்னால இரிக்கிற திரையை நம்பித்தான் ஓட்டுறான். அதை நம்பி என்னை அனுப்புவீங்க. அதே கணக்கு சொல்ற பிறையை நம்ப மாட்டீங்களா?"

நியாயமான கேள்வி. நசீரிடம் பதில் இருந்தது.

"பிளேன் ஓட்டுறவன் திரையை நம்பட்டும். நானும் நம்புறன். ஆனா அவன் இறங்கி வந்து, நான் கண்ணால பாதையைக் கண்டனெண்டு சத்தியம் பண்றானா? என்னட்டக் கேட்டது நம்புறியா எண்டு இல்ல மகன். கண்டியா எண்டு."

"என்னை விட அந்தச் சொல் பெரிசா உங்களுக்கு?"

எப்போதும் பதில் வைத்திருக்கும் நசீர் கடைக்குள் போனார். வெறுமனே ஒரு விளக்கைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

மறுநாள் முப்பதாம் நோன்பு. தோஹாவில் பெருநாள். இர்பானின் அறைத் தோழர்கள் புதுச்சட்டையுடன் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பயணம் போகிறவன் நோன்பை விடலாம் என்று பரீதா சொன்னார். "முப்பதையும் பிடிக்கிறன். யாரும் என்னைப் பார்த்துக் குறை சொல்லத் தேவல்ல" என்றான். யாரைச் சொன்னான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. இருவருக்கும் தாடை ஒன்றுபோலத்தான் இருந்தது.

காலையிலேயே பரீதா வட்டிலப்பத்தைக் கலந்து ஆவியில் வைத்தார். நோன்பு வாயோடு ருசி பார்க்க முடியாது. பெருநாள் நாளைக்குத்தானே என்று நான் கேட்டேன்.

"ஓம், பெருநாள் நாளைக்கு. வட்டிலப்பம் இண்டைக்கும் தின்னலாம். அதுக்குச் சாட்சி தேவல்ல" என்றார். ஒரு பகுதியைப் பெட்டியில் அடைத்து, வழியில் நோன்பு திறக்க என்று மகனின் கைப்பையில் வைத்தார். "இனிப்புக் கூடக்குறைய இருந்தால் என்னட்டச் சொல்லாதே."

என் அறையில் உட்கார்ந்து கட்டுரையை எழுதினேன். இரண்டாவது வாக்கியம்: "டால்பின் தென்படவில்லை." பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். இப்படி எழுதினால் யார் படிப்பார்கள் என்றார். படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நான் பார்த்ததாக என் பெயரில் வராது என்றேன். நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். முப்பதாம் நோன்பில் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். தெரிந்துகொண்டதை எல்லாம் பார்த்தேன் என்று எழுதச் சொல்லும்போதுதான் எனக்கு மறுப்பு. தூத்துக்குடிக்குத் திரும்பிய பிறகும் அதே மறுப்புதான்.

பிற்பகலில் வேன் வந்தது. நானும் அதே வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக வேண்டியவன். ஓட்டுநர் சுனில், சிலாபத்துக்காரர். நசீர் மகனின் பெட்டியைக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். வாப்பாவும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஹாஜியார் வீதிக்கு வந்து இர்பான் கையில் அத்தர் குப்பி ஒன்றைக் கொடுத்தார். "உன்ட வாப்பா ஒரு மாடு" என்றார். "எனக்குத் தெரியும்" என்றான் இர்பான்.

பாலாவியை நெருங்கும்போது சூரியன் விழுந்தது. உப்பளத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னான் இர்பான். சுனிலின் வானொலியில் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தான். கைப்பையிலிருந்து வட்டிலப்பத்தை எடுத்து மூன்றாக வெட்டி எனக்கும் சுனிலுக்கும் கொடுத்தான். இனிப்பு சரியாக இருந்தது. உப்புதான் ஒரு துளி குறைவு. யாரும் சொல்லவில்லை.

மேகமே இல்லை. உப்புப் பாத்திகளுக்கு மேலே, நன்றாக உயரத்தில், பிறை நின்றது. தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணாந்த எவர் கண்ணிலும் படும். பாத்தித் தண்ணீரிலும் இன்னொன்று கிடந்தது. சுனில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இவ்வளவு பெரிய பிறை நேற்றையதாகத்தான் இருக்கும், உங்களை ஒரு நாள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கிண்டல் செய்ததாக இர்பான் எனக்கு மொழிபெயர்த்தான்.

"நேத்து இருந்திருக்கும்" என்றான் பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாமல். "நாங்க காணல்ல."

தொலைபேசியை எடுத்தான். படம் எடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். வாப்பாவுக்கு அழைப்பு எடுத்தான்.

"வாப்பா. கண்டன்."

அந்தப் பக்கம் கடல் சத்தம் எனக்கும் கேட்டது. முப்பது நிறைந்துவிட்டதால் அன்று யாரும் பிறை பார்க்கப் போக வேண்டிய அவசியமில்லை. நசீர் போயிருந்தார்.

"இண்டைக்குச் சாட்சி தேவல்லையே, மகன்."

"தெரியும். சும்மா சொன்னன்."

பிறகு நசீர் தொண்டையைச் செருமினார்.

"கொம்பு எந்தப் பக்கம்?"

இர்பான் நன்றாக அண்ணாந்து, நிதானமாகப் பார்த்தான்.

"ரெண்டும் மேல பார்த்து, வாப்பா. தோணி மாதிரி."

"ஓம்" என்றார் நசீர். "அப்ப நீ கண்டது பிறைதான்."